இருநூற்றுப் பதினாலு கேள்விகள்

ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே அலுவலகத்துக்குப் போவது நல்லதா என்று யாராவது கேட்டால், மாமியார் யோசிக்காமல், “பெட்ரோல் மிச்சம்” என்பார். மூத்தவளின் ஸ்கூட்டரில் இருவரும் சேர்ந்துதான் போய் வந்தார்கள். வீட்டில் மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிடுவார்கள். மாமியார் ஒருநாள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணிடம், “பெரியவ இருக்காளா? இல்லேன்னா சின்னவளைக் கூப்பிடு” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அங்கேயும் அதுவே பெயராகிவிட்டது. மேனேஜர்கூட மீட்டிங்கில், “இதைப் பெரியவங்க பாத்துக்கட்டும்” என்பார்.

சின்னவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் வேலை தேடிக்கொண்டிருந்தவளிடம், “எங்க ஆபீஸ்ல ஒரு இடம் இருக்கு, நான் பேசிப் பாக்கறேன்” என்று சொன்னபோது அவள் மனதில் துளி கள்ளம் இல்லை. பேச்சுத் துணைக்கு ஒருத்தி, சொல்லிக் கொடுத்தால் கேட்டுக்கொள்ள ஒருத்தி என்றுதான் நினைத்தாள். வந்தவள் தன்னைவிடக் கெட்டிக்காரியாக இருப்பாள் என்பது அவள் கணக்கிலேயே இல்லை.

மரச்சாமான் கடை ஒன்றின் மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அலுவலகம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். பல தனியார் பஸ் முதலாளிகளின் டிக்கெட்டுகளை ஒரே இடத்தில் விற்கும் இணையதளம் அவர்களுடையது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று போட்டுத் தேடினால், அன்றைக்கு ஓடும் பஸ்களை வரிசையாகக் காட்டும் பக்கம்தான் அதன் உயிர். அந்தப் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து எழுதியவள் பெரியவள். ஊரில் யாராவது அந்தத் தளத்தில் டிக்கெட் எடுத்ததாகச் சொன்னால், தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பாராட்டியது போல அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

அந்தப் பிள்ளை சமீபகாலமாக நொண்ட ஆரம்பித்திருந்தது. பஸ்கள் பெருகப் பெருகப் பக்கம் திறக்க நேரமாயிற்று. தேடிவிட்டு ஜனங்கள் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வேறு தளத்துக்குப் போனார்கள். மேனேஜர் ஒரு காலையில் வந்து பெரியவளின் மேஜையருகே நின்றார். அவள் நிமிர்ந்தாள். ஆனால் அவர் பேசியது பக்கத்து நாற்காலியிடம்.

“சின்னவங்க இதைக் கொஞ்சம் பாருங்களேன். பெரியவங்க பாத்துப் பாத்துப் பழகிட்டாங்க. அவங்க கண்ணுக்குத் தெரியாது.”

பெரியவள் சிரித்து வைத்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் அப்படியே இருந்தது.

சின்னவள் வேலை செய்யும் விதம் வேறு. பெரியவள் நூறு வரி எழுதிவிட்டு ஓட்டிப் பார்ப்பாள். இவள் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை நடுவழியில் நிறுத்துவாள். நிறுத்திய இடத்திலேயே கன்சோல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து, இது என்ன, அது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பாள். டாக்டர் வயிற்றை அழுத்தி, “இங்க வலிக்குதா, இங்க?” என்று கேட்பாரே, அந்த மாதிரி. அன்றைக்கு அவள் புதிதாக இன்னொன்றும் செய்தாள். புரோகிராம் ஒவ்வொரு தடவை விவரமெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் போய் ஒரு கேள்வி கேட்கும்போதும் ஒன்றைக் கூட்டிக் காட்டும்படி இரண்டு வரி எழுதினாள்.

“ஒரு தடவை தேடினா எத்தனை கேள்வி போகுதுன்னு பாப்போம்” என்று சொல்லி என்டரைத் தட்டினாள்.

திரையில் 214 என்று விழுந்தது.

டெஸ்டிங் பார்க்கிற ஆளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எதிலும் குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அவர் நாற்காலியோடு உருண்டு வந்து, “ஒரு பக்கத்துக்கா?” என்றார்.

“ஒரு பக்கத்துக்கு.”

அவள் புரோகிராமை மறுபடி நிறுத்தி, இந்த முறை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். முதல் கேள்வியில் எழுபத்தோரு பஸ் வந்தது. பிறகு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முதலாளி யார் என்று ஒரு கேள்வி, எங்கெல்லாம் ஏறலாம் என்று ஒரு கேள்வி, எத்தனை சீட் காலி என்று ஒரு கேள்வி. எண் ஏறிக்கொண்டே போனது. பூதக்கண்ணாடி சத்தமாக எண்ண ஆரம்பித்தார். கஸ்டமர் போன் எடுக்கும் பெண்ணும் வந்து சேர்ந்துகொண்டாள். முப்பத்தி நாலு, முப்பத்தி அஞ்சு என்று எல்லோரும் விளையாட்டுப்போல எண்ணினார்கள்.

பெரியவள் தன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு எண்ணும் தலையில் ஒரு குட்டாக விழுந்தது. அந்த வரிகளை எழுதியது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கூட்டம் கலைந்ததும் சின்னவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். முதலாளி பேரையும் ஏறுற இடத்தையும் எல்லா பஸ்ஸுக்கும் சேர்த்து ஒவ்வொண்ணையும் ஒரே கேள்வியில வாங்கிடலாம். இந்தக் காலி சீட்டுதான் புரியல. பஸ் டேபிள்லயே காலி சீட்டு எத்தனைன்னு ஒரு எண் ரெடியா இருக்கே. அதை விட்டுட்டு எதுக்குத் தனியா போய்க் கேக்குது? ஏதாவது காரணம் இருக்கா?”

காரணம் இருந்தது. பஸ் விவரங்களைப் பட்டியலாக வைத்திருக்கும் அந்த டேபிளில் இருந்த எண் ரிப்போர்ட்டுக்காக மணிக்கு ஒரு தடவை மாறுகிற எண். பஸ் முதலாளிகள் தங்கள் கவுண்டரிலும் டிக்கெட் விற்பார்கள். அந்த விற்பனையெல்லாம் சேர்த்து இந்த நொடியில் எத்தனை காலி என்று தெரிய வேண்டுமானால் விற்பனைப் பதிவில் நேராகப் போய்த்தான் கேட்க வேண்டும். தளம் ஆரம்பித்த புதிதில் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்று, பஸ்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு பெரியவள் எழுதிய வரி அது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

சின்னவளின் முகம் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகமாக இருந்தது. பெரியவளுக்கு அதுதான் எரிந்தது. எல்லோர் முன்னாலும் எண்ணியாகிவிட்டது, இப்போது பணிவாக வந்து சந்தேகம் வேறா.

“அப்ப ஏதோ அவசரத்துல எழுதினது” என்றாள். “உனக்கு எது சரின்னு படுதோ அப்படிச் செய்.”

“சரிக்கா” என்று சின்னவள் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மாமியார், “என்ன, சின்னவ முகம் இன்னைக்கு இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?” என்று கேட்டார். சின்னவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே விளக்கினாள்.

“வீட்டுக்கு உப்பு, சோப்பு, தீப்பெட்டி வேணும்னு வைங்க அத்தை. ஒரே தடவை போய் மூணையும் வாங்கிட்டு வரலாம். இல்லேன்னா உப்புக்கு ஒரு நடை, சோப்புக்கு ஒரு நடை, தீப்பெட்டிக்கு ஒரு நடைன்னு நடக்கலாம். எங்க சைட்டு அப்படித்தான் நடந்துகிட்டு இருந்துச்சு. இருநூத்திச் சொச்சம் நடை.”

“கால் என்னத்துக்கு ஆகும்?” என்று மாமியார் சிரித்தார். “அப்படி நடக்க விட்ட புண்ணியவதி யாரு?”

பெரியவளின் கணவன் வாயில் சோற்றோடு, “அந்த ஆளு கிடைச்சா ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுக்கணும், தேஞ்சு போயிருக்கும்” என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், அவனுடைய நகைச்சுவைக்கு அவனே சிரித்தான்.

சின்னவள் கோடு போட்ட விரலை மடக்கிக்கொண்டாள். “யாரோ பழைய ஆளுங்க அத்தை. இப்ப அவங்க இல்ல” என்றாள்.

காப்பாற்றிவிட்டாள். “அக்காதான் எழுதினாங்க” என்று போட்டுக் கொடுத்திருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம், மனசு ஆறியிருக்கும். இப்போது நன்றி வேறு சொல்ல வேண்டும்போல இருந்தது. இப்ப அவங்க இல்ல. கை கழுவும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அந்த மூன்று வார்த்தையும் கூடவே வந்தன.

புதுப் பக்கம் வெளியே போனது. ஒரு தேடலுக்கு மூன்றே கேள்வி. கண்ணை மூடித் திறப்பதற்குள் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. மேனேஜர் பலகையில் 214 என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டு, பக்கத்தில் பெரிதாக 3 என்று எழுதினார். வந்து போன பஸ் முதலாளிகளுக்கெல்லாம் அந்தப் பலகையைக் காட்டி, சின்னவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். கோடு போடப்பட்ட எண் தன்னுடையது என்பதால் பெரியவள் தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போனாள்.

இரண்டு நாள் கழித்து, மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போயிருந்தபோது, அவள் சின்னவளின் புதுப் பக்கத்தைத் தன் கணினியில் நடுவில் நிறுத்தினாள். சின்னவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் கை பழகியிருந்தது. கன்சோலில் ஒரு பஸ்ஸை எடுத்து, பக்கம் காட்டப்போகும் காலி சீட்டு எத்தனை என்று கேட்டாள். ஒன்பது என்றது. அதே பஸ்ஸை விற்பனைப் பதிவில் கேட்டாள். இரண்டு என்றது.

ஒன்பதும் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன. அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்துத்தான் தேடினாள். கண்டுபிடித்ததும் உள்ளே ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சாயங்காலம் போகும்போது சொல்லிக்கலாம் என்று நினைத்து கன்சோலை மூடினாள்.

சாயங்காலம் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் சின்னவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மேனேஜர் மத்த பக்கங்களையும் என்னையே பாக்கச் சொல்றார்க்கா. உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னேன்” என்றாள்.

“என்கிட்ட என்ன கேள்வி. செய்” என்று பெரியவள் வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் பின்னாலிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது. அவள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் கூட்டம் நெருக்கித் தள்ளியது. வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆட்கள் தேடினார்கள், வாங்கினார்கள். மத்தியானத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு பஸ் முதலாளி. “என் வண்டியில இல்லாத சீட்டையெல்லாம் விக்கிறீங்களே, நான் ஜனங்களைக் கூரையிலயா ஏத்துறது?” பிறகு இன்னொருவர். பிறகு பயணிகளே கூப்பிட்டார்கள். பணம் கட்டி, டிக்கெட்டைப் போனில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏற முடியாமல் நிற்பவர்கள்.

மேனேஜர் சின்னவளின் மேஜைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. “என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை.

பெரியவளுக்கு முதலில் வந்தது குளுமை. வெயிலில் நடந்து வந்து தண்ணீரை மடமடவென்று குடித்த மாதிரி நெஞ்சுவரை இறங்கியது. பலகையில் இருந்த அந்தப் பெரிய மூன்றை அன்றைக்குத்தான் அவள் நேராகப் பார்த்தாள்.

அது கொஞ்ச நேரம்தான். போன் எடுக்கும் பெண், தனியாகத் திட்டு வாங்கி அலுத்துப்போய், போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண்ணின் குரல். கத்தவில்லை, அழவுமில்லை. “எங்கப்பாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்க்கணும். பஸ் போயிடுச்சு. வேற எதுலயும் இடமில்ல. நான் இப்ப என்ன செய்யணும், அதை மட்டும் சொல்லுங்க” என்றது. பின்னால் ஒரு வயசானவர், “விடும்மா, வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்வது கேட்டது.

அதுவரை அவள் மனதில் அந்தத் தவறுக்கு ஒரே ஒரு முகம்தான் இருந்தது. வேறு யாரும் அதில் விழுவார்கள் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். சின்னவள் பக்கத்தை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருந்தாள். எண்ணி முடித்து மறுபடி எண்ணினாள்.

“மூணுதான்க்கா வருது” என்றாள், பெரியவள் வந்து நின்றதைப் பார்த்து. “மூணும் ஒழுங்காத்தான் இருக்கு. எங்க தப்புன்னே தெரியல.”

“எண்ணாத. நகரு” என்று பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்தக் காலி சீட்டை விற்பனைப் பதிவுல கேளு.”

சின்னவள் கேட்டாள். பக்கம் காட்டிய எண் பதினொன்று. பதிவு சொன்ன எண் சைபர்.

“டேபிள்ல இருக்கிறது பழைய எண். மணிக்கு ஒரு தடவைதான் மாறும். அதான் தனியா கேக்க வெச்சிருந்தேன்.” பெரியவள் நிறுத்தாமல் பேசினாள். நிறுத்தினால் வாய் அடைத்துவிடும் என்று தெரிந்தது. “மொத்த பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே கேள்வியா பதிவுல கேட்டுடலாம். எழுபத்தொண்ணு வேண்டாம். நாலாவதா ஒண்ணு போதும். எழுது, நான் சொல்றேன்.”

சின்னவள் எழுதினாள். ஓட்டினாள். நான்கு என்று வந்தது. பக்கம் முன்போலவே சட்டென்று திறந்தது, சீட்டுகளும் சரியாக இருந்தன. இன்னும் ஒன்று மிச்சம் இருந்ததைச் சின்னவள்தான் கண்டுபிடித்தாள். பணம் கட்டும் பக்கம் தேடல் பக்கம் சொன்ன எண்ணை அப்படியே நம்பியது. அங்கேயும் கடைசியாக ஒரு தடவை கேட்டிருந்தால் யாரும் தெருவில் நின்றிருக்க மாட்டார்கள். அது பெரியவள் முதல் நாளிலிருந்து விட்ட ஓட்டை. அதையும் அடைத்து, பூதக்கண்ணாடி ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, வெளியே விட்டார்கள். போன்கள் குறைந்தன.

அப்போதுதான் சின்னவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அதான் தனியா கேக்க வெச்சிருந்தேன்னு சொன்னீங்களே. நான் கேட்டப்பவும் உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“வெளிய போன பிறகு?”

“பாத்தேன். ஒன்பதுக்கு ரெண்டு இருந்துச்சு. சொல்லல.”

சின்னவள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். “என்மேல கோவம்னா வீட்டுல வெச்சு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்” என்றாள். “அந்தப் பொண்ணோட அப்பா என்ன பண்ணினார் உங்களுக்கு?”

பெரியவள் எழுந்து மேனேஜர் அறைக்குப் போய், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். “உங்க வீட்டுப் பஞ்சாயத்தை இங்க கொண்டு வராதீங்க” என்றார். “ரெண்டு பேரும் சேர்ந்து நடந்ததை எழுதிக் குடுங்க. முதல்ல அந்த ஆபரேஷன் கேஸுக்கு ஒரு காரைப் பிடிங்க.”

காரைப் பெரியவளே ஏற்பாடு செய்தாள். செய்துவிட்டு அந்தப் பெண்ணைத் தானே கூப்பிட்டாள். கார் வருகிறது என்றதும் அந்தப் பெண் நன்றி சொல்ல ஆரம்பித்தாள். “நன்றியெல்லாம் வேண்டாம். தப்பு என்னோடது, கம்ப்யூட்டரோடது இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும்” என்று பெரியவள் சொன்னாள். பிறகு அந்தப் பெண், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். கார் அவர்கள் நின்ற இடத்துக்கு வரும்வரை திட்டினாள். பெரியவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக முடிந்தது என்பதைப் பிறகு போன் எடுக்கும் பெண் விசாரித்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சின்னவள் பஸ்ஸில் போனாள். மாமியார், “என்னடி இது, ஒரே இடத்துக்கு ரெண்டு வழி” என்று கேட்டதற்கு, “நேரம் ஒத்து வரல அத்தை” என்றாள். வீட்டில் உப்பைக் கொடு, கதவைத் தாழ்ப்பாள் போடு என்ற அளவுக்குப் பேச்சு இருந்தது. அக்கா என்ற சொல் மட்டும் வரவில்லை. அவள் அப்படிக் கூப்பிடுவது தனக்கு எவ்வளவு பழகிப் போயிருந்தது என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. சின்னவளின் மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்தது. ஒன்றுதான் மாறியிருந்தது. எரியும்போது இது எரிச்சல் என்று அவளுக்குத் தெரிந்தது. முன்பு அதற்கு நியாயம், அனுபவம், மரியாதை என்று என்னென்னவோ பெயர் வைத்திருந்தாள்.

சில வாரம் கழித்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். பணம் கட்டும் பகுதிக்கென்று தனியாக ஒரு குழு வைக்கப்போகிறார்கள். அதற்குத் தலைமைக்கு ஆள் வேண்டும். “நீங்க கேட்டா உங்களுக்குத்தான் முதல் உரிமை” என்றார். “இல்லேன்னா யாரைப் போடலாம், சொல்லுங்க.”

கேட்டால் கிடைக்கும். பெரியவள் கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தாள். சின்னவள் எதையோ நடுவழியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து அதை விசாரித்துக்கொண்டிருந்தாள். பணம் கட்டும் பக்கத்தின் ஓட்டையைப் பார்த்தது அவள்தான். இத்தனை வருஷமாகத் தன் கண்ணில் படாதது.

“சின்னவளைப் போடுங்க” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சின்னவள் படியேறி வந்தாள். கொடியின் அடுத்த முனையிலிருந்து போர்வையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நாலு மூலையும் சேர்த்து மடித்தார்கள்.

“நீங்கதான் சொன்னீங்களாமே” என்றாள்.

“ஆமா.”

“சந்தோஷமாவா சொன்னீங்க?”

பெரியவள் போர்வையை மடித்து முடித்துத் தோளில் போட்டாள். “இல்ல” என்றாள். “வயிறு எரிய எரியத்தான் சொன்னேன்.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. மிச்சத் துணியை எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். சின்னவள் கூடையின் மறு காதைப் பிடித்துத் தூக்கினாள்.

“படி பாத்து வாங்கக்கா” என்றாள்.